பலாச்சடையில் மொய்க்கும் ஈக்கள்

சித்திரை, வைகாசி மாதங்களில் ஆலங்குடியைத் தாண்டி வடகாடு, கீரமங்கலம் பக்கம் போயிருக்கிறீர்களா? சாலையோரத்தில் பலாப்பழங்கள் குவிந்து கிடக்கும். சுளையை எடுத்துக்கொண்டு எறிந்துவிட்ட மட்டையையும் சடையையும் ஒருநாள் கழித்து உற்றுப் பாருங்கள். எள்ளைவிடச் சற்றே பெரிய ஈக்கள் நூற்றுக்கணக்கில் அதன்மேல் மொய்த்திருக்கும். கையை வீசினால் புகைபோல எழும்பும். வீச்சு நின்றதும் அதே இடத்தில் வந்து அமரும். சிவந்த கண், வெளிர் பழுப்பு உடல், 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளம். உங்கள் வீட்டில் வாழைப்பழம் கனிந்து தோல் கறுத்தால் அங்கேயும் இவை ஆஜராகிவிடும்.

இவற்றின் பெயர் டிரோசோஃபிலா. தமிழில் பழ ஈ என்கிறோம். ஆனால் ஓர் எச்சரிக்கை. மாம்பழத்தை அறுக்கும்போது உள்ளே நெளிகிறதே வெள்ளைப் புழு, அது இந்த ஈயின் குஞ்சு அன்று. அதைத் தருவது பாக்ட்ரோசெரா என்னும் வேறு குடும்பத்து ஈ. தோட்டக்காரருக்கு நட்டம் விளைவிப்பது அதுவே. நம் டிரோசோஃபிலா பெரும்பாலும், ஏற்கெனவே கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தை நாடி வருவது. அதில் வளரும் ஈஸ்டும் மற்ற நுண்ணுயிர்களும்தாம் அதற்கு உணவு.

இப்போது கேள்விக்கு வருவோம். நமக்கு இந்த ஈக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தெரிகின்றன. ஆனால் அவற்றைப் பிடித்துச் சோதித்தால் ஒன்று தாகத்தை அதிகம் தாங்குகிறது. ஒன்று பசியை அதிகம் தாங்குகிறது. ஒன்று வெயிலில் சீக்கிரம் மயங்குகிறது. இந்த வேறுபாடுகளில் பல பெற்றோரிடமிருந்து வந்தவை. அதாவது ஜீன்களில் உள்ளவை. டார்வினின் இயற்கைத் தேர்வைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தகுதி மிக்கது பிழைத்து அதிகக் குஞ்சுகளை விட்டுச் செல்கிறது. தகுதி குறைந்தது கழிந்துபோகிறது. அப்படியானால் இத்தனை ஆயிரம் தலைமுறைகளுக்குப் பிறகு மிகச் சிறந்த ஜீன் ஒன்று மட்டும் அல்லவா மிஞ்சியிருக்க வேண்டும்? கல்லையும் உமியையும் புடைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும் முறத்தில் இன்னும் ஏன் நாலு வகைத் தானியம் கிடக்கிறது?

இயற்பியல் நடத்துகிறவனுக்கு ஈயோடு என்ன வேலை என்று என் வகுப்பிலேயே கேட்டிருக்கிறார்கள். விடையில் ஒரு பகுதி எங்கள் பாடமான சமநிலையில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

முதலில், கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைக் கண்ணால் பார்ப்பது எப்படி? இயற்கை இங்கே நமக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. டிரோசோஃபிலாப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் சாதாரண அளவைப்போலப் பல மடங்கு பருத்து, குறுக்கே கரும்பட்டைகளும் வெண்பட்டைகளுமாகச் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிகின்றன. இந்தப் பட்டைகளை ஜீன்களின் வரைபடமாகப் பயன்படுத்தலாம் என்று 1933-இல் அமெரிக்காவின் பெயிண்டர் காட்டினார். சில ஈக்களில் அந்தப் பட்டைகளின் வரிசை ஓரிடத்தில் தலைகீழாக இருக்கும். ஒரு புத்தகத்தின் 20-ஆம் பக்கம் முதல் 35-ஆம் பக்கம் வரை கழற்றி, 35 முதல் 20 வரை எனத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கம் ஒன்றும் குறையவில்லை, வரிசை மட்டும் மாறிவிட்டது. இதற்குத் தலைகீழ்த் திருப்பம் என்று பெயர்.

ஒவ்வோர் ஈக்கும் குரோமோசோம்கள் ஜோடியாக உண்டு. ஒன்று தாய் கொடுத்தது, மற்றொன்று தந்தை கொடுத்தது. ஜோடியில் ஒன்று நேராகவும் மற்றது திருப்பியும் இருந்தால், பட்டைக்குப் பட்டை பொருந்துவதற்காக இரண்டும் வளைந்து ஒரு கண்ணியைப்போல் சுருக்குப் போட்டுக்கொள்ளும். நுண்ணோக்கியில் அந்தச் சுருக்கைக் கண்டால் போதும், இந்தப் புழு கலப்பு ஜோடி உடையது என்று உடனே சொல்லிவிடலாம். திருப்பத்துக்குள் அகப்பட்ட ஜீன்கள், கலப்பு ஜோடியில் ஒன்றோடொன்று இடம் மாறிக்கொள்வது பெரும்பாலும் தடைப்படுகிறது. ஆகவே அவை பாகம் பிரிக்காத குடும்பச் சொத்துபோல மொத்தமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன.

நம் நாட்டில் இந்தச் சுருக்குகளைத் தேடிப் பல்லாண்டுகள் உழைத்தவர்கள் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் விலங்கியலார். எஸ். பி. ராய் சௌத்ரியும் அவரிடம் பயின்றவர்களும் 1960-களில் இதைத் தொடங்கினர். அவர்கள் எடுத்துக்கொண்டது டிரோசோஃபிலா அனனாசே என்னும் இனம். பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. 1858-இல் டோலஷால் என்பவர் இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து விவரித்த இனம் இது. வெப்பநாடுகளில் மனிதன் குடியிருக்கும் இடமெல்லாம் இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கும். இதில் உலகெங்கும் காணப்படும் தலைகீழ்த் திருப்பங்கள் மூன்று. இயற்பியலாரைப் போலவே இவர்களும் கிரேக்க எழுத்துகளைத் துணைக்கு அழைத்து ஆல்ஃபா, டெல்டா, ஈட்டா என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு பி. என். சிங்கும் அவர் மாணவர்களும் நாடு முழுவதும் பழக்கடைகளிலும் தோட்டங்களிலும் ஈ பிடித்தனர். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மட்டும் வடக்கே ஜம்மு முதல் தெற்கே கன்னியாகுமரி வரையிலும், மேற்கே துவாரகை முதல் கிழக்கே திமாப்பூர் வரையிலும் 45 இடத்து ஈக்கள் இடம்பெற்றன. மூன்று திருப்பங்களும் நிலைத்திருந்தன. ஆனால் விகிதம் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. லாரியிலும் ரயிலிலும் பழக்கூடையோடு பயணம் செய்யும் ஈக்கு இது வியப்பான செய்தி. பயணம் எல்லாவற்றையும் கலந்து ஒரே சாம்பாராக்கிவிடவில்லை!

இதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது சோதனைக்கூடத்துச் செய்தி. காட்டிலிருந்து கொண்டுவந்த ஈக்களைப் புட்டியில் அடைத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். புட்டிக்குள் ஒரே உணவு, ஒரே வெப்பநிலை. இரண்டு வகைக் குரோமோசோமில் ஒன்று வென்று மற்றது மறைந்துபோகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பல புட்டிகளில் அப்படி நடக்கவில்லை. நேர் வகையும் திருப்பிய வகையும் பக்கத்தில் பக்கத்தில் நீடித்தன. சிங்கும் ராய் சௌத்ரியும் 1972-இல் வெளியிட்ட சோதனையின் முடிவு இது: வெற்றி பெற்றது நேர் ஜோடியும் அன்று, திருப்பிய ஜோடியும் அன்று, இரண்டிலும் ஒவ்வொன்று வைத்திருந்த கலப்பு ஜோடி.

இது எப்படி இரண்டையும் காப்பாற்றும் என்பதைக் காராமணியைக் கொண்டு வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வெள்ளைக் காராமணி 100, சிவப்புக் காராமணி 100 எடுத்து ஒரு பைக்குள் போட்டுக் குலுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டாக எடுங்கள். ஒவ்வொரு ஜோடியும் ஓர் ஈ. இப்போது நாம் ஒரு விதி வகுப்போம். வெள்ளை-வெள்ளை ஜோடிகளில் 10-க்கு 7 பிழைக்கும். சிவப்பு-சிவப்பு ஜோடிகளில் 10-க்கு 3 பிழைக்கும். வெள்ளை-சிவப்புக் கலப்பு அத்தனையும் பிழைக்கும். பிழைத்தவற்றில் வெள்ளை எத்தனை, சிவப்பு எத்தனை என்று எண்ணி, அதே விகிதத்தில் மறுபடி 200 மணி போட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

கை வலிக்கிறவர்களுக்காகக் கணக்கையும் போட்டுத் தருகிறேன். 1,000 ஈக்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிறமும் பாதிப் பாதி என்றால் 250 வெள்ளை ஜோடி, 500 கலப்பு, 250 சிவப்பு ஜோடி அமையும். பிழைப்பவை 175, 500, 75, மொத்தம் 750. இவற்றிலுள்ள 1,500 மணிகளில் வெள்ளை 850. அதாவது 50 சதவீதமாக இருந்த வெள்ளை ஏறத்தாழ 57 சதவீதமாக ஏறிவிட்டது. சரி, இப்படியே ஏறி 100-ஐத் தொட்டுவிடுமா? 90 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்கள். 810, 180, 10 என்று அமைந்து 567, 180, 3 பிழைக்கும். 1,500 மணிகளில் வெள்ளை 1,314. அதாவது 87.6 சதவீதம். இறங்கிவிட்டது! 70 சதவீதத்தில் தொடங்கினால் 490, 420, 90 என்று அமைந்து 343, 420, 27 பிழைக்கும். விகிதம் போட்டால் மறுபடியும் மிகச் சரியாக 70.

கிண்ணத்துக்குள் கோலிக்குண்டைப் போட்டால் எந்தப் பக்கம் தள்ளினாலும் உருண்டு அடிமட்டத்துக்கே வந்து சேர்கிறது அல்லவா? அதை உறுதிச் சமநிலை என்று படித்திருப்பீர்கள். இங்கே கிண்ணத்தின் அடிமட்டம் 70 சதவீதம். சிவப்பு அரிதாகும்போது அது பெரும்பாலும் கலப்பு ஜோடிகளுக்குள் பாதுகாப்பாக ஒளிந்துகொள்கிறது, அதனால் பெருகுகிறது. அதிகமாகும்போது சிவப்பு-சிவப்பு ஜோடிகள் மிகுந்து அடிபடுகிறது. இயற்கைத் தேர்வே இங்கே வேறுபாட்டின் காவல்காரன்.

இது ஈயோடு நிற்கும் கதையன்று. நம் நீலகிரியிலேயே இதற்கு மனிதச் சான்று உண்டு. அங்குள்ள பழங்குடி மக்கள் சிலரின் இரத்தத்தில் அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள் தோன்றுவதை 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் அறிவித்தனர். இந்த ஜீனின் இரண்டு பிரதிகள் சேர்ந்தால் கொடிய இரத்தசோகை வரும். ஒரே ஒரு பிரதி இருப்பவருக்கோ அதனால் பெரிய துன்பமில்லை. கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. இதை 1954-இல் ஆப்பிரிக்காவில் ஆலிசன் காட்டினார். இதே வகை எண்ணத்தை வேறொரு இரத்த நோய்க்காக 1949-லேயே சொன்னவர், பின்னாளில் இந்தியாவில் குடியேறி 1964-இல் புவனேஸ்வரத்தில் மறைந்த ஹால்டேன். மலேரியா குறைந்த இடத்தில் அந்தப் பாதுகாப்புக்கு வேலை இல்லை. ஆனால் இரண்டு பிரதி பெற்றுப் பிறக்கும் குழந்தையின் வலி மட்டும் மிச்சமிருக்கிறது. சமநிலை என்ற சொல் காதுக்கு இனிமையாக இருக்கலாம். அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விலை என்றதும் நம் காராமணிக் கணக்குக்கே திரும்பலாம். சமநிலையில் 1,000 ஈக்களில் எத்தனை பிழைத்தன? 790. அதாவது இந்த ஒரே ஒரு ஜீனைக் காப்பாற்ற ஒவ்வொரு தலைமுறையிலும் 210 ஈக்கள் சாகின்றன. இப்படிப் பத்து ஜீன்கள், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இருந்தால் 0.79-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். 1,000-க்கு 95 தேறும். இருபது ஜீன்கள் என்றால் 9. முப்பது என்றால் ஒன்றுகூடத் தேறாது. இந்த ஈயின் மற்றோர் இனமான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டருக்கு ஏறத்தாழ 14,000 ஜீன்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

1966-இல் இந்தச் சிக்கல் வெடித்தது. சிகாகோவில் லெவோன்டினும் ஹப்பியும் காட்டு ஈக்களின் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தனர். மின்னூட்டம் வேறானால் புரதம் ஓடும் வேகம் வேறு. வேகம் வேறானால் ஜீன் வேறு. இதில் இயற்பியல்தான் துப்பறிகிறது என்பதைப் பெருமையோடு குறிப்பிடுகிறேன். அவர்கள் பார்த்த 18 ஜீன்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பல வடிவங்களில் இருந்தன. ஒரு தனி ஈயை எடுத்துக்கொண்டால் அதன் ஜீன்களில் சுமார் 12 சதவீதம் கலப்பு ஜோடி. யாரும் எதிர்பாராத அளவு இது. இவ்வளவையும் கலப்பின் சிறப்பே காப்பாற்றுகிறது என்றால், நாம் இப்போது போட்ட கணக்கின்படி ஈயினமே அழிந்திருக்க வேண்டும்.

1968-இல் ஜப்பானின் கிமுரா துணிச்சலான விடை ஒன்றைச் சொன்னார். மூலக்கூறு அளவில் காணும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை நல்லவையும் அல்ல, கெட்டவையும் அல்ல. இயற்கைத் தேர்வு அவற்றைக் கவனிப்பதே இல்லை. புதிய மாற்றங்கள் தோன்றிக்கொண்டே இருக்க, குருட்டு வாய்ப்பு அவற்றை ஏற்றியும் இறக்கியும் விளையாடுகிறது என்றார். சண்டை பல்லாண்டு நீடித்தது. ஆகப் பெரும்பாலான வேறுபாடுகளுக்குக் கிமுராவின் விளக்கம் பொருந்துகிறது என்பதே இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் நிலை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தவில்லை. தேர்வின் கை தெளிவாகத் தெரியும் ஜீன்களும் பல உண்டு. அவற்றைக் காப்பதற்குக் கலப்பின் சிறப்பைத் தவிர வேறு வழிகளும் இயற்கையிடம் இருக்கின்றன. இரண்டை மட்டும் பார்ப்போம்.

ஒன்று, இடம். கன்னியாகுமரி 8 பாகை வடக்கு அட்சரேகை. புதுக்கோட்டை 10 பாகையைச் சற்றே தாண்டியது. ஜம்மு 32 பாகைக்கும் மேலே. ரோத்தக் நகரின் ரவி பர்காஷும் பிரான்சின் ஜான் டேவிட்டும் அவர்கள் குழுவினரும் இந்தியாவின் பல அட்சரேகைகளிலிருந்து மூன்று இனத்து ஈக்களைக் கொண்டுவந்து இரண்டு சோதனைகள் வைத்தனர். ஈரமே இல்லாத உலர்ந்த காற்றில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்? ஈரம் உண்டு, உணவு இல்லை என்றால் எவ்வளவு நேரம்? 1998-இல் வெளியான விடை அழகானது. வடக்கே போகப் போக உலர்வைத் தாங்கும் திறன் கூடியது. பசியைத் தாங்கும் திறன் குறைந்தது. தெற்கத்தி ஈயோ பசியில் கெட்டி, தாகத்தில் மென்மை. மூன்று இனங்களிலும் இதே போக்கு. ஆண்டு முழுதும் வெப்பமாக உள்ள தெற்கில் உடல் எரிபொருள் வேகமாகச் செலவாகும், ஆகவே பசியைத் தாங்குபவைக்கு அங்கே மதிப்பு என்பது ஒரு விளக்கம். எப்படியாயினும் ஒன்று உறுதி. நாடு முழுவதற்கும் பொதுவான சிறந்த ஈ என்று ஒன்று கிடையாது. இங்கே முதல் மதிப்பெண் வாங்கும் ஜீன் அங்கே தோற்கிறது. பழ லாரிகள் இரண்டையும் ஓரளவு கலந்துகொண்டே இருக்கின்றன.

இந்த ஏற்பாடு கல்லில் செதுக்கியதும் அன்று. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் சாராயத்தைச் செரிக்கும் நொதிக்கான ஜீன் வடக்கிலிருந்து தெற்கே படிப்படியாக விகிதம் மாறி வருவது முன்பே தெரிந்திருந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து அதே கரையில் மறுபடி அளந்தபோது, அந்தப் படிவரிசை முழுவதும் 4 பாகை அட்சரேகை அளவுக்கு நகர்ந்திருந்தது. 2005-இல் வெளியான செய்தி இது. வெப்பப் பகுதிக்குரிய வடிவம் குளிர்ப் பகுதியை நோக்கிப் பரவியிருக்கிறது. காலநிலை மாற்றத்தை வெப்பமானி மட்டும் காட்டவில்லை, ஈயும் காட்டியது. ஒரு வடிவம் மட்டுமே மிஞ்சியிருந்தால் அந்த ஈக்கள் எதைக்கொண்டு இப்படி மாறியிருக்கும்?

இரண்டாவது, காலம். கலிபோர்னியாவின் சான் ஹசிந்தோ மலையில் டோப்ஜான்ஸ்கி என்னும் ரஷ்ய-அமெரிக்கர் மாதாமாதம் ஈ பிடித்துத் தலைகீழ்த் திருப்பங்களை எண்ணிவந்தார். 1943-இல் அவர் வெளியிட்ட கணக்கில், ஒரு வகைக் குரோமோசோம் வசந்தத்திலிருந்து ஜூன் வரை குறைந்து, கோடையில் மறுபடி ஏறியது. அடுத்த ஆண்டும் அப்படியே. அண்மையில், 2014-இல், பென்சில்வேனியாவின் ஒரு பழத்தோட்டத்து ஈக்களின் ஜீன் தொகுதியையே படித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான இடங்களில் விகிதம் வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் இடையே ஊஞ்சலாடியது.

நம் மாவட்டத்தில் வசந்தமும் இலையுதிர் காலமும் இல்லை. ஆனால் கத்திரி வெயில் உண்டு, ஐப்பசி அடைமழை உண்டு. முட்டையிலிருந்து ஈயாவதற்கு 25 பாகை வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாளே ஆகிறது. கோடைக்கும் மழைக்கும் நடுவில் பத்துத் தலைமுறைகளுக்கு மேல் ஓடிவிடும். நமக்கு அது 250 ஆண்டுகளுக்குச் சமம்!

பருவம் மாறினால் வேறுபாடு எப்படிக் காப்பாற்றப்படும்? ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஜோடி கோடையில் இரண்டு மடங்காகப் பெருகி, மழையில் பாதியாகக் குறைவதாகக் கொள்வோம். சிவப்பு ஜோடிக்கு இது நேர் எதிர். கலப்பு ஜோடி இரண்டு பருவத்திலும் நடுத்தரம். இரண்டுக்கும் அரைக்கும் சராசரியான 1¼ மடங்கு. கோடையில் முதலிடம் வெள்ளைக்கு, மழையில் முதலிடம் சிவப்புக்கு. கலப்பு எந்தப் பருவத்திலும் முதலிடம் பெறவில்லை. ஆனால் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். உயிர்கள் பெருகுவதைக் கூட்டிப் பார்க்கக் கூடாது, பெருக்கித்தான் பார்க்க வேண்டும். வெள்ளை: இரண்டு பெருக்கல் அரை, விடை 1. சிவப்பு: அரை பெருக்கல் இரண்டு, விடை 1. கலப்பு: 1¼ பெருக்கல் 1¼, விடை ஒன்றரைக்கும் மேல். எந்தத் தேர்விலும் முதலாவதாக வராத மாணவன் ஆண்டு முடிவில் முதல் பரிசு வாங்குகிறான். கலப்பு வென்றால் இரண்டு வடிவமும் பிழைக்கும் என்பதைக் காராமணியிலேயே பார்த்துவிட்டோம்.

இவ்வளவு காவலையும் மீறி வேறுபாடு தொலைந்துபோக முடியுமா? முடியும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கரை கடந்த கஜா புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வடகாடு, கீரமங்கலம் பகுதியில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல ஆண்டு வயதுள்ள மரத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது தாங்க முடியாத அடி. ஈக்களைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை, படவும் தேவையில்லை. ஆனாலும் ஒரு கணக்காக எடுத்துக்கொள்வோம். ஒரு தோப்பில் புயலுக்குப் பின் பத்தே ஈக்கள் மிஞ்சின என்று வையுங்கள். பத்து ஈக்கள் என்றால் ஒவ்வொரு ஜீனுக்கும் 20 பிரதிகள். முன்பு 30 சதவீதம் இருந்த வடிவம் இந்த இருபதில் ஒன்றில்கூட இல்லாமல் போகும் வாய்ப்பு 0.7-ஐ இருபது முறை பெருக்கியது. ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. நூற்றுக்கு ஒன்றே இருந்த அரிய வடிவமோ? 0.99-ஐ இருபது முறை பெருக்கினால் 0.82. ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பில் அது அந்தத் தோப்பை விட்டே மறைந்துவிடும்.

பொதுவான வடிவங்கள் ஒரு புயலில் போய்விடுவதில்லை, அரியவை போய்விடுகின்றன. ஈயின் கூட்டம் சில மாதங்களில் பெருகிவிடும், பக்கத்து ஊரிலிருந்து பழக்கூடையில் புதியவையும் வந்து சேரும். ஆகவே இழந்தது திரும்பக் கிடைக்கக்கூடும். பக்கத்து ஊரிலும் தன் இனம் இல்லாத உயிர்களுக்கு, அதாவது எங்கோ ஒரு காட்டுத் துண்டில் பத்து இருபதாகச் சுருங்கிவிட்ட விலங்குக்கும் மரத்துக்கும், கூடை சுமந்து வருபவர் யாருமில்லை. எண்ணிக்கை மறுபடி ஆயிரமானாலும் தொலைந்த வடிவங்கள் வர நெடுங்காலம் பிடிக்கும். வனத்துறையினர் விலங்குகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் அவற்றின் ஜீன்களையும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் முறை. வாயகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றில் நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டு, ரொட்டி சுடுபவர்கள் பயன்படுத்தும் ஈஸ்ட் ஒரு சிட்டிகை தூவுங்கள். காகிதத்தைப் புனல்போலச் சுருட்டி, குறுகிய முனை உள்ளே இருக்குமாறு வாயில் பொருத்துங்கள். நுழைந்த ஈக்கு வெளியேறும் வழி எளிதில் தெரியாது. ஒரு புட்டியை வீட்டுச் சமையலறையிலும், ஒன்றைத் தோப்பிலும், ஒன்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு ஐயனார் கோயில் காட்டின் ஓரத்திலும் நிழலாக வைத்து, இரண்டு நாள் கழித்து எடுங்கள். கைக்கண்ணாடியில் பாருங்கள். வயிற்றின் நுனி கறுத்திருந்தால் அது மெலனோகாஸ்டரின் ஆணாக இருக்கலாம். தலையிலிருந்து முதுகு வரை வெள்ளிக் கோடுகள் ஓடினால் அது சாப்ரியோனஸ் இண்டியானஸ். ரோத்தக் குழுவினர் சோதித்த மூன்று இனங்களில் ஒன்று. 1970-இல் இந்தியாவின் பெயரிட்டு விவரிக்கப்பட்டு, 1999-இல் பிரேசில் நாட்டு அத்தித் தோட்டங்களில் போய் வம்பு செய்ததும் இதுவே.

எண்ணி முடித்ததும் ஈக்களைப் பறக்கவிட்டுவிடுங்கள். புட்டியில் புழுக்கள் வளர்ந்திருந்தால், அவை சுவரில் ஏறத் தொடங்கும் பருவத்தில் அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் ஆசிரியரிடம் எடுத்துச் செல்லுங்கள். உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்துச் சாயமேற்றி நசுக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை புழுவில் பார்த்தீர்கள், எத்தனையில் சுருக்கு இருந்தது, எந்தத் தேதி, எந்த மரத்தடி என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். கத்திரி வெயிலில் ஒரு முறை செய்தவர்கள், ஐப்பசி மழை விட்டதும் அதே மரத்தடியில் மறுபடியும் புட்டியை வைத்து, இரண்டாவது எண்ணிக்கையை முதல் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.